புள்ளிப் படமும் அதன் புது வடிவங்களும்

கண் காணும் காட்சியைக் கணிப்பொறி காண்பதில்லை. அதற்குத் தெரிந்தவை எண்களே. ஆதலின், ஒரு படத்தைக் கணிப்பொறியில் சேர்த்து வைக்க வேண்டுமாயின் அப்படத்தை முதலில் எண்களாக மாற்றுதல் வேண்டும். அங்ஙனம் மாற்றும் முறைகள் பல. அவற்றுள் மிக எளியது, படத்தைச் சிறுசிறு கட்டங்களாகப் பகுத்து, ஒவ்வொரு கட்டத்தையும் கறுப்பு என்றோ வெள்ளை என்றோ குறித்துக்கொள்ளும் முறையாகும். கறுப்புக்கு ஓர் எண். வெள்ளைக்கு ஓர் எண். மூன்றாவது எண் ஒன்று வேண்டுவதில்லை. இவ்வாறு அமைந்த படத்தைக் கறுப்பு வெள்ளைப் புள்ளிப் படம் என்பர். கட்டம் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. புள்ளி ஒவ்வொன்றுக்கும் ஒரு ‘பிட்’ அளவு இடமே போதும்.

சான்றாக, ‘ட’ என்னும் எழுத்தை எடுத்துக்கொள்ளலாம். நெடுக்கில் ஐந்து, குறுக்கில் ஐந்து ஆக இருபத்தைந்து கட்டங்களில் அதனை எழுதினால் பின்வருமாறு அமையும்:

10000
10000
10000
10000
11111

ஒன்று என்னும் எண் நிற்கும் கட்டங்களுக்கு மை பூசி, சுழி நிற்கும் கட்டங்களை வெறுமையாக விட்டுவிட்டால் ‘ட’ என்னும் எழுத்து கண்முன் தோன்றும். எழுத்துகள், கோட்டுச் சித்திரங்கள், வீட்டு வரைபடங்கள், முத்திரைகள் ஆகிய பலவற்றையும் இம்முறையில் எண்களாக்கிவிடலாம்.

எளிய வடிவம் பிறந்த வரலாறு

இம்முறையை அடிப்படையாகக் கொண்டு, ஜெஃப் போஸ்கான்சர் என்னும் அமெரிக்கர் 1980-களில் ஒரு கோப்பு வடிவத்தை வகுத்தார். எந்தக் கணிப்பொறிக்கும் எடுத்துச் செல்லத்தக்க புள்ளிப் படம் என்று பொருள்படும் பெயரை அதற்கு இட்டார். அப்பெயரின் சுருக்கமே பி.பி.எம். என்பது.

அவர் அதனை வகுத்தமைக்குத் தக்க காரணம் இருந்தது. அக்காலத்து மின்னஞ்சல் முறை, சாதாரண எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே பழுதின்றிக் கொண்டு சேர்த்தது. வேறு வகைக் குறிகளை அனுப்பினால் அவை வழியில் சிதைந்து போவதுண்டு. படம் ஒன்றை மடல்வழி அனுப்ப விரும்பியவர்களுக்கு இது பெருந்தடையாயிற்று. படத்தையே எழுத்தாக்கி அனுப்பினால் அத்தடை நீங்கும் அன்றோ? ஆகவே, பி.பி.எம். கோப்பின் தலைப்பில் பி என்னும் ஆங்கில எழுத்தும் 1 என்னும் எண்ணும் அடையாளமாக நிற்கும். அடுத்துப் படத்தின் அகலமும் உயரமும் எண்களாக வரும். அவற்றின் பின்னர் ஒன்றும் சுழியுமாகப் புள்ளிகள் தொடரும். புள்ளிகளுக்கு இடையே வெற்றிடம் புகுந்தாலும், வரிகள் மடிந்து போனாலும், படம் கெடாது. அகலம் முன்னரே கூறப்பட்டிருத்தலால், எந்தப் புள்ளி எந்த வரிசையைச் சேர்ந்தது என்பதை எண்ணிக் கண்டுகொள்ளலாம்.

எளிமைக்கு ஒரு விலையும் உண்டு. எழுத்தாக எழுதும்போது ஒரு புள்ளிக்கு ஒரு முழு ‘பைட்’ செலவாகிறது. ஒரு பைட்டில் எட்டுப் புள்ளிகளை அடக்கலாம். எனவே, எட்டெட்டுப் புள்ளிகளாகச் சேர்த்து இறுக்கி வைக்கும் மற்றொரு வகையும் பி.பி.எம். வடிவத்தில் உண்டு.

வளமான வடிவம் எதற்கு?

எளிய வடிவம் எல்லாத் தேவைக்கும் ஈடுகொடுப்பதில்லை. பி.பி.எம். கோப்பில் சாம்பல் நிறத்துக்கு இடமில்லை, வண்ணத்துக்கும் இடமில்லை. படத்தைத் தாளில் அச்சிடும்போது எத்தனை அங்குலம் இருத்தல் வேண்டும் என்பதை அது கூறாது. கோப்பு வழியில் பழுதுற்றதா என்று சோதிக்கும் குறியும் அதில் இல்லை. இன்றைய உலாவிகளும் பொதுவாக அதனைக் காட்டுவதில்லை. இக்குறைகளை நீக்கும் பொருட்டே புள்ளிப் படத்தை வளமான வேறு வடிவங்களுக்கு மாற்றுகின்றனர்.

அத்தகைய வடிவங்களுள் ஒன்று 1987-ஆம் ஆண்டில் வெளிவந்த ஜி.ஐ.எஃப். என்பது. 256 வண்ணங்கள் வரையில் அது தாங்கும். ஆயினும், கோப்பைச் சுருக்குவதற்கு அது கையாண்ட முறைக்கு யூனிசிஸ் என்னும் நிறுவனம் காப்புரிமை பெற்றிருந்தது. அம்முறையைப் பயன்படுத்தும் மென்பொருள்களுக்குக் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற அறிவிப்பு 1994-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியாயிற்று. அறிஞர் சிலர் அதனைக் கேட்டு வாளா இருக்கவில்லை. 1995-ஆம் ஆண்டு முதற்கொண்டு இணையத்தின் வழியே ஒன்றுகூடி, எவர்க்கும் கட்டணமின்றிப் பயன்படத்தக்க புதிய வடிவம் ஒன்றை உருவாக்கினர். அதுவே பி.என்.ஜி. எனப்படுவது. 1996-ஆம் ஆண்டில் உலகளாவிய வலைக் கூட்டமைப்பு அதனைப் பரிந்துரைத்தது. ஜி.ஐ.எஃப். வடிவத்தைப் பிணித்திருந்த காப்புரிமையும் 2003-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் காலாவதியாயிற்று.

பி.என்.ஜி. வடிவத்தின் வளம் வண்ணத்தில் மட்டும் அடங்குவதன்று. புள்ளிகளை ஒன்றுகூட இழக்காமல் அது கோப்பைச் சுருக்குகிறது. கோப்பின் பகுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை எண்ணைச் சேர்த்து வைக்கிறது. பகுதி பழுதுற்றால் அந்த எண் காட்டிக் கொடுத்துவிடும். ஒரு மீட்டர் நீளத்தில் எத்தனை புள்ளிகள் என்பதையும், படத்தைப் பற்றிய குறிப்புகளையும் அது தாங்கிச் செல்லும். கறுப்பு வெள்ளைப் படத்தை ஒரு பிட் அளவிலேயே ஏற்றுக்கொள்ளும் பெருந்தன்மையும் அதற்கு உண்டு.

நடுநின்ற மொழி

கோப்பு வடிவங்கள் பல. அவற்றுள் ஒன்றை மற்றொன்றாக மாற்றும் வேலைக்கு எத்தனை மென்பொருள்கள் வேண்டும்? பத்து வடிவங்கள் உள்ளன எனக் கொள்க. ஒவ்வொன்றையும் மற்ற ஒன்பதாக மாற்றுவதற்கு ஒன்பது மாற்றிகள் வேண்டும். ஆகப் பத்துக்கும் 90 மாற்றிகள் வேண்டும். வடிவங்கள் இருபதாயின் மாற்றிகள் 380 ஆகிவிடும்.

இச்சிக்கலைத் தீர்க்க ஓர் எளிய வழி உண்டு. பத்து மொழி பேசுவோர் கூடும் சந்தையில் ஒவ்வொருவரும் மற்ற ஒன்பது மொழிகளையும் கற்பதில்லை. எல்லார்க்கும் பொதுவான ஒரு மொழியில் பேசி வாணிகம் நடத்திக்கொள்வர். அதுபோன்று, எந்த வடிவத்தையும் முதலில் ஒரு பொது வடிவமாக மாற்றி, அதிலிருந்து வேண்டிய வடிவத்துக்குக் கொண்டு சென்றால், பத்து வடிவங்களுக்கு 20 மாற்றிகளே போதும்; இருபது வடிவங்களுக்கு 40 போதும்.

போஸ்கான்சர் இவ்வழியையே மேற்கொண்டார். பி.பி.எம். வடிவத்தோடு, சாம்பல் நிறப் படங்களுக்கு பி.ஜி.எம். என்னும் வடிவத்தையும், வண்ணப் படங்களுக்கு பி.பி.பி.எம். என்று குழப்பாமல் பி.பி.எம். என்பதன் நடு எழுத்தை மாற்றிய மற்றொரு வடிவத்தையும் சேர்த்தார். அவற்றைக் கையாளும் மென்பொருள் தொகுதியைப் பி.பி.எம். பிளஸ் என்னும் பெயரால் 1988-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பின்னர், பலர் இணையத்தின் வழியே அதனைத் திருத்தியும் பெருக்கியும் வந்தனர். 1993-ஆம் ஆண்டில் அது நெட்பி.பி.எம். என்னும் புதுப் பெயரோடு விளங்கிற்று. இன்று அத்தொகுதியில் நூற்றுக்கணக்கான சிறு கருவிகள் உள்ளன. ஒவ்வொரு கருவியும் ஒரே வேலையைச் செய்யும். ஒன்றின் விளைவை மற்றொன்று வாங்கிக்கொண்டு தன் வேலையைத் தொடரும்.

மாற்றத்தில் நேரும் மூன்று பிழைகள்

வடிவத்தை மாற்றுதல் எளிய செயலாகத் தோன்றினும், கருத்தின்றிச் செய்தால் படம் பாழாகும். மூன்று பிழைகள் குறிப்பிடத்தக்கன.

முதலாவது, நிறம் பற்றியது. பி.பி.எம். கோப்பில் ஒன்று என்பது கறுப்பு. சுழி என்பது வெள்ளை. பி.என்.ஜி. கோப்பின் ஒரு பிட் சாம்பல் முறையில் சுழி என்பது கறுப்பு. ஒன்று என்பது வெள்ளை. முன்னது மையை எண்ணுகிறது. பின்னது ஒளியை எண்ணுகிறது. ஆகவே, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது ஒவ்வோர் எண்ணையும் திருப்புதல் வேண்டும். திருப்ப மறந்தால், வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்தாக இருந்தது கறுப்புத் தாளில் வெள்ளை எழுத்தாகிவிடும்.

இரண்டாவது, வரிசை முறை பற்றியது. எட்டுப் புள்ளிகளை ஒரு பைட்டில் அடக்கும்போது, இடக்கோடியில் உள்ள புள்ளியைப் பி.பி.எம். மிகப் பெரிய மதிப்புடைய பிட்டில் வைக்கிறது. எக்ஸ் சாளர முறைக்கென அமைந்த எக்ஸ்.பி.எம். என்னும் வடிவமோ, அதே புள்ளியை மிகச் சிறிய மதிப்புடைய பிட்டில் வைக்கிறது. மேலே காட்டிய ‘ட’ எழுத்தின் முதல் வரிசை முன்னதில் 128 என்றும், பின்னதில் 1 என்றும் பதிவாகும். கடைசி வரிசை முன்னதில் 248, பின்னதில் 31. இவ்வேறுபாட்டை உணராது மாற்றினால், ஒவ்வோர் எட்டுப் புள்ளியும் கண்ணாடியில் தோன்றும் உருவம்போல் இடம்வலம் மாறி நிற்கும்.

மூன்றாவது, மேல்கீழ் பற்றியது. பெரும்பாலான வடிவங்கள் படத்தை மேல்வரிசையிலிருந்து தொடங்கி எழுதுகின்றன. விண்டோஸ் முறைக்குரிய பி.எம்.பி. வடிவம் பொதுவாகக் கீழ்வரிசையிலிருந்து தொடங்குகிறது. அதனை அறியாதவன் மாற்றிய படம் தலைகீழாக நிற்கும்.

இம்மூன்று பிழைகளும் கண்டவுடன் புலப்படுவன. ஆதலின் எளிதில் திருத்தத்தக்கன. கண்ணுக்குப் புலப்படாத பிழையே அஞ்சத்தக்கது.

கலம் பெருகும்; நெல் பெருகாது

300 புள்ளிகள் ஓர் அங்குலத்தில் அமையுமாறு ஒரு ஏ4 தாளை நகலெடுத்தால், அகலத்தில் 2,480 புள்ளிகளும் உயரத்தில் 3,508 புள்ளிகளும் கிடைக்கும். மொத்தம் 86,99,840 புள்ளிகள். கறுப்பு வெள்ளைப் படமாயின், சுருக்காத நிலையில் அது கொள்ளும் இடம் 10,87,480 பைட்டு. புள்ளிக்கு ஒரு பைட்டு வீதம் சாம்பல் நிறப் படமாக மாற்றினால் 86,99,840 பைட்டு. புள்ளிக்கு மூன்று பைட்டு வீதம் முழு வண்ணப் படமாக மாற்றினால் 2,60,99,520 பைட்டு. இடம் இருபத்து நான்கு மடங்காகிவிட்டது. படத்தில் உள்ள செய்தி எத்தனை மடங்காயிற்று? ஒரு மடங்கும் கூடவில்லை. முன்பு கறுப்பாக இருந்த புள்ளி இப்போதும் கறுப்பே. வெள்ளையாக இருந்தது இப்போதும் வெள்ளையே.

ஒரு மரக்கால் நெல்லைப் பெரிய குதிரில் கொட்டினால் குதிருக்கு ஏற்ப நெல் பெருகுவதில்லை. பின்னர் நெல் சேர்ப்பதற்கு இடம் கிடைக்கும், அவ்வளவே. வளமான வடிவமும் அத்தகையதே. கறுப்பு வெள்ளைப் படத்தை வண்ணக் கோப்பாக மாற்றியபின் அதன்மேல் வண்ணம் தீட்டலாம், நிழல் சேர்க்கலாம். அவை புதிதாகச் சேர்ந்தவை. மூலத்தில் இருந்தவை அல்ல.

ஆயினும், இழந்த சாம்பல் நிறத்தை ஓரளவு மதிப்பிட்டு அறிய ஒரு வழி உண்டு. செய்தித்தாளில் அச்சான பழைய நிழற்படத்தை உருப்பெருக்கியால் நோக்கினால், அதில் சாம்பல் நிறமே இல்லை என்பது விளங்கும். கறும்புள்ளிகள் அடர்ந்த இடம் இருளாகவும், அருகிய இடம் ஒளியாகவும் கண்ணுக்குத் தோன்றுகின்றன. கணிப்பொறியில் இவ்வாறு புள்ளிகளைப் பரப்புவதற்கு, இராபர்ட் ஃபிளாய்டு, லூயி ஸ்டைன்பர்க் என்னும் இருவர் 1976-ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை பெயர்பெற்றது. ஒரு புள்ளியைக் கறுப்பாகவோ வெள்ளையாகவோ ஆக்கும்போது நேரும் வேறுபாட்டை, அண்டையில் உள்ள நான்கு புள்ளிகளுக்குப் பதினாறில் 7, 3, 5, 1 என்னும் பங்குகளாகப் பகிர்ந்து கொடுப்பதே அம்முறையாகும்.

இங்ஙனம் பரந்த புள்ளிகளை மீண்டும் சாம்பல் நிறமாக்க, சிறுசிறு பரப்புகளில் உள்ள கறும்புள்ளிகளை எண்ணிச் சராசரி காண்பர். நெடுக்கில் நான்கும் குறுக்கில் நான்குமாகப் பதினாறு புள்ளிகள் கொண்ட பரப்பில், கறும்புள்ளி ஒன்றும் இல்லாத நிலை முதல் பதினாறும் கறுப்பான நிலை வரை பதினேழு படிகள் கிடைக்கும். நிழற்படத்துக்கு இம்முறை நன்மை பயக்கும். எழுத்துக்கோ தீமை பயக்கும். எழுத்தின் கூரிய விளிம்பு மங்கிவிடும். எவ்வாறாயினும், கிடைப்பது மதிப்பீடே அன்றி மூலம் அன்று.

உண்மை மாறிய நிகழ்ச்சி

மதிப்பீட்டை உண்மையென்று கொண்டால் என்ன நேரும் என்பதை 2013-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் நேர்ந்த ஒரு நிகழ்ச்சி உலகுக்கு உணர்த்திற்று. கட்டட வரைபடம் ஒன்றைச் செராக்ஸ் நிறுவனத்தின் பொறியில் வருடி எடுத்தபோது, மூன்று அறைகளின் பரப்பளவுகளும் ஒன்றாகவே காணப்பட்டன. மூலத் தாளில் அவை 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர் என வெவ்வேறாக இருந்தன. பொறி தந்த கோப்பிலோ மூன்று அறைகளிலும் 14.13 என்றே நின்றது. தாவித் கிரீசல் என்னும் கணிப்பொறி அறிஞர் இதனை ஆராய்ந்து வெளியிட்டார்.

காரணம் யாது? அப்பொறி, தான் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தைச் சிறிய கோப்பாக்கும் பொருட்டு ஜேபிக் 2 என்னும் சுருக்கும் முறையைக் கையாண்டது. அம்முறையை இழப்பின்றியும் கையாளலாம், இழப்போடும் கையாளலாம். இழப்போடு கையாளும்போது, ஒன்றையொன்று ஒத்த சிறு வடிவங்களுள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றின் இடத்திலும் அதனையே பதிக்கக்கூடும். ஒத்தது என்று பொறி தவறாக எண்ணிவிட்டால், ஓர் எண்ணின் இடத்தில் மற்றோர் எண் வந்து அமரும். 6 என்னும் எண் 8 ஆக மாறிய சான்றுகளும் காட்டப்பட்டன. மாறிய எண் மங்கலாகத் தோன்றவில்லை, தெளிவாகவே அச்சாகியிருந்தது. ஆதலின் படிப்பவர்க்கு ஐயம் எழுவதற்கே வழியில்லை. பின்னர் அந்நிறுவனம் திருத்திய மென்பொருளை வழங்கிற்று.

மருந்தின் அளவு, பாலத்தின் கணக்கு, வழக்கின் சான்று ஆகிய யாவும் இன்று வருடிய படங்களாகவே சேமிக்கப்படுகின்றன. அவற்றுள் ஓர் எண் மாறினால் விளையும் கேடு சிறிதன்று. மேற்கூறிய பிழை வெளிப்பட்டமைக்குக் காரணம், மூலத் தாள் அழியாமல் இருந்தமையே. மூலத்தை எறிந்துவிட்டிருந்தால், பொய்யே மெய்யாக நிலைத்திருக்கும்.

தமிழ் நூல்களை வருடிச் சேமிப்போரும் இதனைக் கருத்திற் கொள்ளுதல் நன்று. தாளில் படிந்த தூசுகளை நீக்கும் பொருட்டு, படத்தில் உள்ள மிகச் சிறிய கறும்புள்ளிகளை அழித்துவிடும் மென்பொருள்கள் உண்டு. தமிழில் மெய்யெழுத்தின் தலைமேல் நிற்பதும் ஒரு சிறு புள்ளியே. தூசு எது, எழுத்தின் உறுப்பு எது என்று பகுத்தறியாத கருவி அப்புள்ளியையும் துடைத்துவிட்டால், ‘பல்’ என்பது ‘பல’ என்றாகும். ‘கல்’ என்பது ‘கல’ என்றாகும். சொல் இருக்கும், பொருள் போய்விடும்.

கொள்ள வேண்டிய நெறி

மேற்கூறியவற்றால் சில நெறிகள் பெறப்படும். எழுத்தும் கோடும் நிறைந்த கறுப்பு வெள்ளைப் படத்தை இழப்பில்லாத வடிவத்துக்கே மாற்றுதல் வேண்டும், பி.என்.ஜி. போன்றவை அதற்கு ஏற்றவை. நிழற்படங்களுக்கென அமைந்த ஜேபெக் வடிவம் எழுத்துகளுக்கு ஏற்றதன்று; அது எழுத்தின் விளிம்பைச் சுற்றிச் சாம்பல் நிறக் கறைகளைத் தோற்றுவிக்கும். மாற்றிய படத்தை மீண்டும் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து, மூலத்தோடு புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். ஒரு புள்ளியும் மாறவில்லையாயின் மாற்றம் செம்மையானது. மூலக் கோப்பை அழித்தல் ஆகாது. அது சிறியது, எளியது, ஆயினும் பின்னர் எழும் ஐயங்களைத் தீர்க்கும் சான்று அதுவே.

நல்ல மொழிபெயர்ப்பாளன் மூல நூலில் இல்லாததைத் தன் விருப்பப்படி சேர்ப்பதில்லை. உள்ளதை விடுவதும் இல்லை. வடிவம் மாற்றும் கருவியும் அத்தகைய நேர்மையுடையதாக இருத்தல் வேண்டும். புதிய வடிவம் எத்துணை வளமுடையதாயினும், பழைய படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் அது கடமைப்பட்டுள்ளது.

பயிற்சி

1. பி.பி.எம். வடிவம் எக்காரணத்தால் தோன்றியது?
2. பன்னிரண்டு கோப்பு வடிவங்கள் இருப்பின், நேராக மாற்றுவதற்கு எத்தனை மாற்றிகள் வேண்டும்? பொது வடிவத்தின் வழியே மாற்றுவதற்கு எத்தனை போதும்?
3. ‘கலம் பெருகும், நெல் பெருகாது’ என்பதன் பொருளைத் தக்க சான்றுடன் விளக்குக.
4. வடிவ மாற்றத்தில் கண்ணுக்குப் புலப்படும் பிழைகள் யாவை? புலப்படாத பிழை அவற்றினும் கொடியது ஏன்?
5. ‘ப’ என்னும் எழுத்தை நெடுக்கில் ஐந்தும் குறுக்கில் ஐந்துமான கட்டங்களில் ஒன்றும் சுழியுமாக எழுதிக் காட்டுக.